விவாதம்: தொழுநோயாளர்களோடு வாழப்போன தமியான் சாமியார் செய்தது தொண்டா, வீம்பா?

11 ஜனவரி 2024, இரவு 9.15

இழையைத் தொடங்கிய தம்பியின் கேள்வி, அப்படியே:

"ஃபாதர் டேமியன் ஹவாயில் தொழுநோயாளிகளிடம் போய், அவர்கள் பாத்திரத்திலேயே சாப்பிட்டு, நோயை வரவழைத்துக்கொண்டு 49 வயதில் செத்தார். கொஞ்சம் தள்ளி நின்று சேவை செய்திருந்தால் இன்னும் 30 வருடம் செய்திருக்கலாமே? தெரிந்தே தொற்றிக்கொண்டதை ஏன் புனிதம் என்கிறோம்? சண்டைக்குக் கேட்கவில்லை, உண்மையிலேயே புரியவில்லை."

11 ஜனவரி, இரவு 11.40

நான் சிங்கப்பூரில் 31 வருடமாகத் தாதி. கடைசி 14 வருடம் பலதுறை மருந்தகத்தில் நீரிழிவுக்காரர்களின் பாதம் பார்க்கிற வேலை. இந்தக் கேள்வியைப் படித்துவிட்டுத் தூங்கப் போக முடியவில்லை.

தொழுநோய் தொட்டதும் ஒட்டிக்கொள்கிற நோய் இல்லை. 100 பேரில் 95 பேர் உடம்பில் அதற்கு இயற்கையாகவே எதிர்ப்பு உண்டு. மருந்து எடுக்காத நோயாளியோடு நெடுநாள் நெருங்கிப் பழகினால், மூக்கு, வாய்த் துளிகள் வழியே மீதிச் சிலருக்கு வரும். அதுவும் உள்ளே போன கிருமி வெளியே தெரியச் சராசரியாக 5 வருடம் ஆகும், 20 வருடம்கூட ஆகலாம்.

தமியானோடு (நீங்கள் எழுதிய டேமியன்தான்) அதே இடத்தில் இருந்த இரண்டு பேரைப் பாருங்கள். ஜோசப் டட்டன், அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டை போட்டவர். 1886இல் வந்தார், 44 வருடம் அங்கேயே புண் கட்டினார், நோய் வரவில்லை. 1931இல் முதுமையில் இறந்தார். மரியான் கோப் என்ற கன்னியாஸ்திரி 1888இல் வந்து 30 வருடம் இருந்தார். அவருக்கும் வரவில்லை, 80 வயதில் இறந்தார். மூவரும் அதே ஆட்களைத்தான் தொட்டார்கள். ஒருவருக்கு வந்தது, இருவருக்கு வரவில்லை. அப்படியிருக்க, தமியான் "வரவழைத்துக்கொண்டார்" என்று எப்படிச் சொல்வது?

அவர் அங்கே போனது 1873 மே 10. நார்வேயில் ஹான்சன் இந்த நோயின் கிருமியை முதன்முதலில் பார்த்ததும் அதே 1873தான். எப்படிப் பரவும், எவ்வளவு தள்ளி நின்றால் போதும் என்று கணக்குச் சொல்ல அன்று உலகத்தில் ஆள் இல்லை. பரம்பரை நோய் என்று டாக்டர்களே பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அவரைப் பற்றி எல்லோரும் சொல்கிற கதை: ஒருநாள் பூசையில் பிரசங்கம் தொடங்கும்போது "என் சகோதரரே" என்று சொல்லாமல் "தொழுநோயாளிகளாகிய நாம்" என்றாராம், அன்றுதான் மக்களுக்கு அவருக்கும் நோய் வந்துவிட்டது தெரிந்ததாம். சிறுவயதில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் கேட்டபோது எனக்குப் புல்லரித்தது.

12 ஜனவரி, காலை 6.50

பேருந்தில் இருந்து. "டேமியன்" என்றும் எழுதலாம். எங்கள் ஓப்பீர் ரோடு லூர்து அன்னை ஆலயத்துப் பெரியவர்கள் வாயில் எப்போதும் தமியான்தான். நானும் அப்படியே எழுதுகிறேன்.

இன்னொன்று. மேலே ஒருவர் பழைய வசைச் சொல்லை எழுதியிருக்கிறார், அந்த நோயின் பெயரோடு "பிடித்தவன்" என்று சேர்த்து. தயவுசெய்து மாற்றிவிடுங்கள். நம் வீடுகளில் பிள்ளையைத் திட்டக்கூட அந்தச் சொல்லை எடுப்பார்கள். அந்த நோய் வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் தமிழ் படிக்கிறவர்கள்தான்.

12 ஜனவரி, இரவு 10.30

"விரல் தானாக உதிர்ந்து விழுமாமே?" என்று கேட்டவருக்கு.

விழாது. கிருமி தோலையும் நரம்பையும் பிடிக்கும். நரம்பு போனால் வலி போகும். வலி போனவன் அடுப்பில் கை வைத்தாலும் எடுக்க மாட்டான், செருப்பில் ஆணி ஏறினாலும் நடந்துகொண்டே இருப்பான். புண் வந்து, புரையோடி, எலும்பு கரைந்து, விரல் குட்டையாகிக்கொண்டே போகும். விரலைத் தின்பது கவனிக்கப்படாத காயம். வேலூரில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1940களின் கடைசியில் இதைக் கண்ணால் பார்த்துப் பார்த்து நிரூபித்தார். மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண் மாற்றி வைத்து, மறுபடி பேனா பிடிக்க வைத்தார்.

என் மேசையில் ஒரு நைலான் இழை இருக்கிறது. தூண்டில் நரம்பு மாதிரி, பேனாக்குச்சியில் பொருத்தியது. அதைப் பாதத்தில் வைத்து வளைகிறவரை அழுத்தினால் சரியாக 10 கிராம் அழுத்தம். கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பெருவிரலில், விரல்களுக்குக் கீழே இருக்கிற மேட்டில், ஓரத்தில் என்று தொட்டுக்கொண்டே வருவேன். "இப்ப?" "ம்." "இப்ப?" "ம்." "இப்ப?" பதில் வராது. நான் அழுத்தியிருப்பேன், இழை வில்லாக வளைந்திருக்கும், அவர் கண்ணை மூடி அடுத்த கேள்விக்குக் காத்திருப்பார். ஒரு நாளில் இப்படி நாலைந்து பேர்.

தமியானுக்கு இது 1884 டிசம்பரில் நடந்தது. பயணம் முடிந்து வந்து காலை வெந்நீரில் வைத்தார். கொதிக்கிற தண்ணீர். தோல் கொப்பளித்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அந்தக் கணம் அவருக்கு என்ன நடந்ததென்று சொல்ல வேறு யாரும் தேவைப்பட்டிருக்காது. 11 வருடமாக மற்றவர்கள் பாதத்தில் பார்த்துக்கொண்டிருந்த அதே விஷயம்தானே.

அதற்குப் பிறகும் நாலு வருடத்துக்கு மேல் வேலை செய்தார். 1889 ஏப்ரல் 15 அன்று இறந்தார்.

14 ஜனவரி, மாலை 4.05

நாளை பொங்கல். பக்கத்து வீட்டில் கரும்பு வந்தாயிற்று. எழுத வேண்டாம் என்று மூன்று நாளாகத் தள்ளிப்போட்டதை எழுதுகிறேன்.

என் அப்பாவுக்கு ஓர் அக்கா. பெயரை இங்கே எழுதவில்லை. 1959இல் அவருக்கு 19 வயது, கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கன்னத்தில் தேமல் மாதிரி ஒரு படை, ஊசியால் குத்தினால் உணர்ச்சி இல்லை. இயோ சூ காங் பக்கம் இருந்த தொழுநோய் இல்லத்துக்கு அனுப்பினார்கள். சொந்தக்காரர்களிடம் "ஊருக்குப் போயிட்டா, தஞ்சாவூர்ல மாமா வீட்ல இருக்கா" என்று சொன்னார்கள். அந்தப் பொய்யை எங்கள் குடும்பம் 35 வருடம் கட்டிக்காத்தது.

அப்போது டாப்சோன் மாத்திரை வந்துவிட்டது. அத்தைக்குக் கிருமி போயும் விட்டது. ஆனால் கை மடங்கிவிட்டது, புருவம் போய்விட்டது, திரும்பி வா என்று யாரும் கூப்பிடவில்லை.

நான் அவரைப் பார்த்தது ஒரே தடவை, 1977இல், எனக்கு 9 வயது. அப்பா காய்ச்சலில் படுத்திருந்தார், ஏதோ பத்திரத்தில் கைநாட்டு வாங்க அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு தோ பாயோவிலிருந்து பஸ் ஏறினாள். அத்தை திண்ணையில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். தகரக் குவளை, அதன் காதில் பழைய துணி நாலைந்து சுற்றுச் சுற்றி நூலால் கட்டியிருந்தது. ஏன் என்று அன்றைக்குத் தெரியாது. இன்று தெரியும். சூடு தெரியாத கைக்குக் குவளைதான் முதல் எதிரி.

என்னைப் பார்த்ததும் மடியிலிருந்து ஒரு கோப்பி மிட்டாய் எடுத்தார். நானே பிரித்துக்கொள்வேன் என்று அவருக்குத் தோன்றவில்லை. குழந்தைக்குப் பிரித்துத்தானே கொடுப்பார்கள். இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கி, தாளின் முறுக்கைப் பல்லால் இழுத்து, பிரிந்த தாளோடு நீட்டினார். எவ்வளவு நேரம் ஆனது என்று இன்னும் ஞாபகம் இருக்கிறது. அம்மா அசையவே இல்லை. நான் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன்.

பஸ் நிறுத்தத்தில் அம்மா என் கையைப் பிரித்து அதை எடுத்துக் கால்வாயில் போட்டாள். வீட்டுக்கு வந்து டெட்டால் ஊற்றிக் கழுவினாள். தோல் எரிந்தது.

தம்பி, "கொஞ்சம் தள்ளி நின்று" என்று நீங்கள் எழுதினீர்களே, அந்தத் தூரத்தை எனக்குத் தெரியும். அத்தைக்கு அது 18 வருடமாகத் தெரிந்திருந்தது.

15 ஜனவரி, காலை 8.20

பொங்கல் வாழ்த்து எல்லோருக்கும். நேற்று எழுதியதற்குத் தனிச்செய்தி அனுப்பிய அத்தனை பேருக்கும் பதில் போட முடியவில்லை. ஏழு பேர் வீட்டிலும் இப்படி ஒரு "ஊருக்குப் போனவர்" இருந்திருக்கிறார்.

15 ஜனவரி, இரவு 11.10

திருத்தம். 11ஆம் தேதி நான் சொன்ன "தொழுநோயாளிகளாகிய நாம்" கதை தவறு. நாற்பது வருடமாக நானும் நம்பியது.

நோய் வந்த பிறகு சொன்ன வார்த்தை இல்லை அது. 1873 நவம்பரில், அதாவது போய் ஆறு மாதத்தில், உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லாதபோது, பெல்ஜியத்தில் இருந்த தம் அண்ணனுக்கு எழுதிய கடிதத்திலேயே சொல்லிவிட்டார்: பிரசங்கத்தில் "சகோதரரே" என்று நான் சொல்வதில்லை, "தொழுநோயாளிகளாகிய நாம்" என்றுதான் சொல்கிறேன் என்று. 33 வயது, திடகாத்திரமான உழவர் வீட்டுப் பிள்ளை.

பழைய கதையில் அது ஒரு துயர அறிவிப்பு. உண்மையில் அது அவர் உட்கார்ந்த இடம். எனக்கு உண்மைதான் அதிகம் பிடித்திருக்கிறது. நோய் வந்தவன் "நாம்" என்பதில் வியக்க ஒன்றுமில்லையே.

அந்த அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹவாய்க்குப் போக வேண்டியவர் அவர்தான். டைபஸ் காய்ச்சலில் விழுந்தார், அவருக்குப் பதிலாகத் தம்பி கப்பல் ஏறினார். 1864 மார்ச் 19 அன்று ஹொனலுலுவில் இறங்கி, மே மாதம் அங்கேயே குருப்பட்டம் வாங்கினார். தொழுநோயாளர்களிடம் போனதும்கூடத் தனியாகச் சாகப்போன கதை இல்லை. நாலு குருக்கள் முறைவைத்துப் போய் வருவது என்றுதான் ஆயர் ஏற்பாடு செய்தார். முதல் முறை தமியானுடையது. அந்த முறை 16 வருடம் நீடித்தது. முதல் சில நாள் தாழை மரத்தடியில் படுத்திருக்கிறார். குடிசை இல்லாதவர்கள் அங்கே நிறைய இருந்தார்கள்.

17 ஜனவரி, இரவு 10.00

"வெள்ளைக்காரச் சாமியார் வந்து காப்பாற்றினார் என்கிற கதைதானே இதுவும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கோபமாகப் பதில் எழுதினேன், அழித்தேன். இரண்டு நாள் யோசித்ததில் அவர் சொல்வதில் பாதி சரி.

1865இல் ஹவாய் மன்னர் ஐந்தாம் கமேஹமேஹா சட்டம் போட்டார். 1866 ஜனவரியில் முதல் கூட்டத்தைக் கப்பலில் கொண்டுபோய் மோலோக்காய் தீவின் கலாவுபாப்பா முனையில் இறக்கினார்கள். மூன்று பக்கம் கடல், பின்னால் 1500 அடிக்கு மேல் செங்குத்துப் பாறை. அந்த நாட்டு மக்களுக்கு அந்த நோயே வெளியிலிருந்து வந்தது. பிரித்துக்கொண்டு போகிற சட்டத்தை அவர்கள் எதிர்த்தார்கள், ஒளிந்துகொண்டார்கள். கோவுலவ் என்ற மாடு மேய்ப்பவர் 1893இல் மனைவி மகனோடு பள்ளத்தாக்கில் ஒளிந்து, பிடிக்க வந்தவர்களைத் துப்பாக்கியால் எதிர்த்து நின்றார். கடைசிவரை சிக்கவில்லை.

தமியானுக்கு ஏழு வருடம் முன்பே நோயாளிகளோடு கூடவே கப்பல் ஏறியவர்கள் உண்டு. கணவனோடு மனைவி, மகனோடு தாய். கோகுவா என்று பெயர், துணைக்கு வந்தவர்கள். நோய் இல்லாமல் போய், சமைத்து, துவைத்து, புதைத்து, அங்கேயே செத்தவர்கள். அவர்களுக்குச் சிலை இல்லை. 1866இலேயே அங்கே நோயாளிகள் தாங்களே கூடி சிலோவாமா என்று ஒரு சபை தொடங்கியிருக்கிறார்கள், அது கத்தோலிக்கச் சபைகூட இல்லை.

ஆகவே தமியான் முதல் ஆள் இல்லை. சொந்தம் என்று ஒருவரும் இல்லாத இடத்துக்குப் போய்ச் சொந்தக்காரர் செய்வதைச் செய்தவர். சவப்பெட்டி அடித்தார், நூற்றுக்கணக்கில். குழி வெட்டினார். மலையோர ஓடையிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார், நோயாளிகளும் கூட நின்று வேலை செய்தார்கள். சேப்பங்கிழங்கு மசித்த கூழை எல்லோரும் ஒரே பாத்திரத்தில் விரல் விட்டுச் சாப்பிடுவது அந்த ஊர் வழக்கம், அவரும் அதிலேயே விரல் விட்டார். புகைக்குழாயை வாங்கிப் புகைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

நம் பக்கமும் இதே கதைதான். பினாங்குக்கு வெளியே ஜெரஜாக் தீவு. கோலாலம்பூருக்கு அருகே சுங்கை பூலோ, 1930இல் திறந்தது. அங்கே பணமே தனி, வெளியே செல்லாத தாள். தொட்ட காசு வெளியே வந்துவிடக் கூடாதாம். அங்கே பிறந்த குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்தார்கள். சிங்கப்பூரில் டிராஃபல்கர் இல்லம், எங்கள் அத்தை இருந்த அதே இயோ சூ காங் இல்லம். பின்னால், மீதி இருந்த முதியவர்களுக்குப் புவாங்கோக் பக்கம் ஓர் இல்லம் வந்தது. சிங்கப்பூர்த் தொழுநோய் நிவாரணச் சங்கம் நடத்தியது.

18 ஜனவரி, மதியம் 1.15

சித்த மருந்தைப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: ஆமாம், நீரடிமுத்து. அந்த இனத்து விதை எண்ணெயைத்தான் ஊசியாக இந்த இல்லங்களில் எல்லாம் போட்டார்கள், மாத்திரை வரும்வரை. தசைக்குள் கெட்டியான எண்ணெய். வலி தாங்காமல் ஓடியவர்கள் உண்டு. பலன் கொஞ்சம்தான். 1981இலிருந்து உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது கூட்டு மருந்து, இப்போது மூன்று சேர்ந்தது: டாப்சோன், ரிஃபாம்பிசின், குளோஃபாசிமின். 6 மாதம் அல்லது 12 மாதம். இலவசம். தொடங்கிய சில நாளிலேயே மற்றவருக்குப் பரவாது.

20 ஜனவரி, இரவு 9.45

அம்மாவைப் பற்றி 14ஆம் தேதி எழுதியது முழுமை இல்லை. இன்று அவளிடமே கேட்டேன். 80 வயது. கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அந்த மிட்டாய் ஞாபகம் இருக்காம்மா?"

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு: "நாலு பிள்ளைங்களை வச்சிருந்தேன். மருந்து சாப்பிட்டா ஒட்டாதுன்னு எனக்கு யாரு வந்து சொன்னா? அங்க வெள்ளை உடுப்பு போட்டவங்களே கையுறை மாட்டிக்கிட்டு நின்னாங்க. நான் எதைப் பார்த்துப் பயப்படாம இருக்கிறது?"

என்னிடம் பதில் இல்லை. 1977இல் அம்மாவுக்கு 33 வயது. தமியான் அந்தக் கடிதம் எழுதிய வயது.

அப்புறம் அவளே சொன்னாள். அப்பா மாதம் ஒரு சனிக்கிழமை சைக்கிள் எடுத்துக்கொண்டு போவாரே, எங்கே என்று நாங்கள் கேட்டதே இல்லை. ஹேண்டில்பாரில் ஒரு பை, அதில் ஒரு புட்டி தேங்காய் எண்ணெய். தோட்டம் போட்டிருக்கிற நண்பரைப் பார்க்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் வாங்கி வைத்தது அம்மாதான். "உங்கப்பா கேட்டாரு. எதுக்குன்னு தெரியும், கேட்கலை."

எதற்கு என்று தாதிகளுக்குத் தெரியும். உணர்ச்சி போன பாதத்தில் வியர்வை சுரக்காது. தோல் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும், வெடிப்பு வழியாகப் புண் இறங்கும். தினம் சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்து, தடித்த தோலைத் தேய்த்து எடுத்து, ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தடவ வேண்டும். அவ்வளவுதான் சிகிச்சை. 31 வருட வேலையில் இதைவிடப் பெரிய வித்தை ஒன்றும் நான் கற்றுக்கொள்ளவில்லை. அத்தையின் பத்துக் கால்விரலும் கடைசிவரை முழுதாக இருந்தன என்று அப்பா ஒருமுறை சொன்னார். யாரைப் பற்றிச் சொல்கிறார் என்று அன்று எனக்குப் புரியவில்லை.

21 ஜனவரி, காலை 7.00

நேற்று எழுதியதில் "என்னிடம் பதில் இல்லை" என்ற வரியைப் படித்துவிட்டு அம்மாவை மன்னிக்கச் சொல்லி இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். மன்னிக்க ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை, அவள் பிள்ளையைக் காப்பாற்றினாள்.

27 ஜனவரி, மாலை 3.30

தைப்பூசம் முடிந்து இரண்டு நாள். இன்று காலை மருந்தகத்தில் ஓர் அங்கிள், 60க்கு மேல். பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடுவரை பால்குடம், வெறுங்கால். இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம், ஒன்று உடைந்து அதற்குள் மண். "சூடே தெரியலைம்மா. முருகன் தாங்கிட்டான்னு நினைச்சேன்."

அவர் பக்தியை நான் தொடவில்லை. காலை மடியில் வைத்துக் கழுவினேன். பூந்துவாலையை விரித்துத்தான் வைப்பது வழக்கம், இன்று அவசரத்தில் மறந்துவிட்டேன், என் சீருடை நனைந்தது. அவர் மூன்று தடவை காலை இழுத்துக்கொண்டார், "வேணாம்மா, அசிங்கம்" என்று. வலியில் இழுக்கவில்லை, கூச்சத்தில்.

வெந்நீர்ப் பாத்திரமும் ஹவாய்ச் சாமியாரும் ஞாபகம் வந்தது என்று எழுதத் தேவையில்லை. அடுத்த வருடம் பால்குடம் எடுக்கிற சர்க்கரைக்காரர்கள் முன்கூட்டியே பாதப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உணர்ச்சி இல்லையென்று தெரிந்தால் காலுறையாவது போடுங்கள்.

28 ஜனவரி, இரவு 8.50

இன்று ஜனவரியின் கடைசி ஞாயிறு, உலகத் தொழுநோய் நாள். இந்தியாவில் காந்தி இறந்த 30ஆம் தேதி வைத்துக்கொள்கிறார்கள்.

செங்கல்பட்டுக்காரர் ஒருவர் இந்த இழையில், சிறுவயதில் புளியமரத்தடியில் வெள்ளைக்கார டாக்டர் மேசை போட்டு மாத்திரை கொடுத்ததைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். ஐயா, அது பொலம்பாக்கமாக இருக்க வேண்டும். தமியான் பிறந்த பெல்ஜியத்திலிருந்து வந்த டாக்டர் ஹெமரிக்ஸ் 1955இல் அங்கே மையம் தொடங்கினார். நோயாளியை இல்லத்துக்குக் கூட்டிவராமல், மருந்தை அவர்கள் ஊருக்குக் கொண்டுபோனார். ஊருக்கு ஒரு மரம், குறித்த நாளில் வண்டி வரும், மரத்தடியில் வரிசை. வீட்டை விட்டு யாரும் போக வேண்டியதில்லை. பின்னால் டாக்டர் கிளேர் வெலு என்ற அம்மையார் அதைத் தாங்கி நடத்தினார்.

தேதியைப் பாருங்கள். எங்கள் அத்தையை வீட்டிலிருந்து எடுத்தது 1959. அதற்கு நாலு வருடம் முன்பே, நாங்கள் பொய்யாகச் சொன்ன அந்தத் "தஞ்சாவூர்"ப் பக்கத்து மாநிலத்திலேயே, வீட்டில் வைத்து மருந்து கொடுக்கலாம் என்று ஆரம்பித்துவிட்டார்கள். உண்மையிலேயே ஊருக்குப் போயிருந்தால்? இரவெல்லாம் இதே யோசனை.

("பக்கத்து மாநிலம்" என்று எழுதிவிட்டேன். தஞ்சாவூரும் செங்கல்பட்டும் ஒரே மாநிலம். அழுதுகொண்டே எழுதியதால் வந்த தவறு.)

3 பிப்ரவரி, இரவு 11.00

"அவர் முரடர் என்று படித்தேனே" என்ற தம்பிக்கு. உண்மை. பிடிவாதக்காரர், மேலதிகாரிகளோடு ஓயாமல் மோதியவர். மரம் கொடு, துணி கொடு, கன்னியர்களை அனுப்பு என்று நச்சரித்தவர். அவர் இறந்ததும் ஹொனலுலுவில் ஹைட் என்ற போதகர் அவரை அழுக்கர், ஒழுக்கம் கெட்டவர் என்று எழுதினார். தமியான் இறந்து ஒரு மாதத்தில், ஹைட் அதை எழுதும் முன்பே, கலாவுபாப்பாவுக்கு நேரில் போய் விசாரித்திருந்த எழுத்தாளர் ஸ்டீவன்சன் 1890இல் அதற்குப் பகிரங்கமாகப் பதில் எழுதினார். அழுக்கர், முரடர் என்பதையெல்லாம் ஒப்புக்கொண்டே, அங்கே போனவர் அவர், போகாதவர் நீங்கள் என்ற பொருளில் கேட்டார்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது புகைக்குழாய். தொடக்கத்தில் குடிசைக்குள் போனால் புண் நாற்றம் தாங்காமல் வெளியே ஓடிவருவாராம். அதை மறைக்கத்தான் புகையிலை பழகினார். புண் பார்க்கிறவர்களுக்கு இந்த ஒரு தகவல் போதும். நாற்றம் பழகாது. 31 வருடத்தில் எனக்குப் பழகவில்லை. முகக்கவசத்துக்குள் ஒரு சொட்டுத் தைலம் தடவிக்கொண்டு உள்ளே போவோம், முகத்தைச் சுளிக்காமல் இருப்பதுதான் வேலையில் பாதி. புனிதருக்கு நாற்றமே தெரியவில்லை என்று எழுதியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

2009 அக்டோபர் 11 அன்று அவருக்குப் புனிதர் பட்டம். உடலை 1936இலேயே பெல்ஜியத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 1995இல் வலது கையை மட்டும் கலாவுபாப்பாவுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். அங்கே இருந்த நோயாளிகள் அதைப் பழைய குழியிலேயே அடக்கம் செய்தார்கள்.

4 பிப்ரவரி, காலை 6.40

தம்பி "என் கேள்வியை வாபஸ் வாங்குகிறேன்" என்று எழுதியிருக்கிறார். வாங்க வேண்டாம். நீங்கள் கேட்காவிட்டால் அம்மாவிடம் நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

12 பிப்ரவரி, இரவு 9.20

சீனப் புத்தாண்டு விடுமுறை. கடைசியாக ஒன்று எழுதிவிட்டு இழையை விடுகிறேன்.

அத்தை 1994இல் இறந்தார். அடக்கத்துக்கு அப்பா மட்டும் போனார். வீட்டில் எல்லா ஆன்மாக்களுக்கும் பூசை வைப்போம், தாத்தா, பாட்டி, அப்பா, குறைப்பிரசவத்தில் போன என் தங்கை உட்பட. அத்தை பெயர் ஒருமுறைகூட வாசிக்கப்பட்டதில்லை.

நேற்றுப் பூசை முடிந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கோயில் அலுவலகத்துக்குப் போகலாம் என்றாள். இறந்தவர் பெயரில் பூசை வைக்கக் கொடுக்கிற காணிக்கை உறையை வாங்கிக்கொண்டாள். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, மேசையோரம் நின்றபடியே பெயரைத் தானே எழுதினாள், பெரிய பெரிய எழுத்தாக. 65 வருடமாக அந்தப் பெயரை அவள் வாயால் நான் கேட்டதில்லை, கையால் எழுதியும் பார்த்ததில்லை. என்னுடைய வயது 56தான், கணக்குச் சரியில்லை என்று தெரியும். இருக்கட்டும்.

உறையை வாங்கிய பிள்ளை, "உங்களுக்கு என்ன உறவு பாட்டி?" என்றது.

"நாத்தனார்," என்றாள் அம்மா. பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி. "எங்க வீட்டுக்காரருக்கு மூத்தவங்க. இங்கதான் இருந்தாங்க, இயோ சூ காங்ல."

பூசை வருகிற ஞாயிறு, தமிழ்ப் பூசை நேரத்தில்.